பீலித் தண்ணீரின் குளிரில் கிருமி சாகுமா?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். இந்தக் குளிரில் கிருமி செத்துவிடும், அப்படியே குடிக்கலாம் என்கிறார் அப்பா. சரியா?
- வாசகி, ஹட்டன்

பதில்: இல்லை தங்கச்சி. குளிரில் அது சாகாது, ஆயுதத்தை மடித்துவைத்துக் காத்திருக்கும். வயிற்றுளைவைத் தரும் சிகெல்லாவைப் பாருங்கள், 1897இல் ஜப்பானில் கியோஷி ஷிகா கண்டறிந்த பற்றீரியா. குடல் கலங்களுக்குள் நுழைய அதற்கென்று மரபணுக்கள் உண்டு, ஆனால் அவற்றை இயக்கச் சக்தி செலவாகும், பீலித் தண்ணீரில் அதனால் என்ன பயன்? அதனால் 30 பாகையிலும் அதற்குக் கீழான குளிரிலும் அவை அணைந்தே கிடக்கும். எப்படி என்றால், விர்எஃப் என்ற தலைமை மரபணுவின் வாசலில் டிஎன்ஏ இயல்பாகவே வளைந்திருக்கிறது, அந்த வளைவின் இரண்டு பக்கத்தையும் எச்-என்எஸ் என்ற புரதம் இறுக்கிப் பிடித்துப் பூட்டிவிடுகிறது. நாம் குடித்து, அது 37 பாகை வயிற்றுக்குள் போனதும் வளைவு தளர்கிறது, பிடி விடுகிறது. விர்எஃப் விழித்து விர்பி என்ற அடுத்த மரபணுவை எழுப்பும், விர்பி மற்றவற்றை. அப்புறம் ஊசி போன்ற ஒரு கருவி தயாராகும், அதன் வழியே தன் புரதங்களைக் குடல் கலத்துக்குள் செலுத்தி, அந்தக் கலமே தன்னை விழுங்கும்படி செய்துவிடும்! இதற்குப் பத்து முதல் நூறு பற்றீரியாக்களே போதும், அவ்வளவு கலந்திருந்தாலும் தண்ணீர் கண்ணாடி மாதிரித்தான் தெரியும்.

அப்பா காலையில் தேத்தண்ணிக்கு அடுப்பில் வைக்கிற கேத்தலில் கூடவே குடிக்கவும் கொதிக்க வையுங்கள், தளதளவென்று கொதித்து ஆறியதையே குடியுங்கள்.