வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை: கைப்பேசியை எப்படி மாறவைப்பது?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் அழைப்பு பேசிக்கொண்டே மின்தூக்கிக்குப் போனால் பேச்சு அறுந்துவிடுகிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வைஃபை குறி தெரிகிறது, எதுவும் திறப்பதில்லை. மாத டேட்டா தாராளமாக இருக்கிறது, கைப்பேசி அதற்கு மாறுவதில்லை. என்னிடம் ஐஃபோன், மனைவியிடம் சாம்சங். என்ன செய்யலாம்?

பதில்: எது வேகமானது என்று கைப்பேசி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில்லை. பிடித்த வைஃபை கையைவிட்டுப் போகும்வரை பெரும்பாலும் அதிலேயே தொங்கும். உங்கள் மூன்று தொல்லைகளுக்கும் வேர் இதுதான்.

மின்தூக்கி வாசலில் ஒரு கோடு சிக்னல் தெரியும். அது ரவுட்டரிலிருந்து வருவது. ரவுட்டர் உரக்கப் பேசுகிறது, உங்களுக்குக் கேட்கிறது. கைப்பேசியின் மெல்லிய குரல் அங்கே போய்ச் சேர்வதில்லை. அதனால் இணைப்பு இருப்பதுபோலத் தெரிந்தும் டேட்டா நகராது. ரவுட்டரைப் பாதுகாப்பு அறைக்குள், அதாவது பலரும் ஸ்டோர்ரூம் ஆக்கிவிட்ட பாம் ஷெல்டருக்குள் வைத்திருந்தால், கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே இந்த நிலையை உண்டாக்கிவிடும். முதலில் அதை வெளியே எடுங்கள்.

அடுத்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைப் பாருங்கள். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயரும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு இன்னொரு பெயரும் இருந்தால் இரண்டையும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்லுக்குக் கொண்டுவாருங்கள். ஐஃபோன், சிக்னல் வலு மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலுவின் அளவு) கீழே இறங்கியதும் அதே பெயரில் வேறு இணைப்பு இருக்கிறதா என்று தேடும். டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது 8 டெசிபெல்லாவது கூடுதலாகக் கிடைத்தால் தாவும். பெயர் வேறென்றால் இந்தத் தாவல் நடக்காது. மெஷ் ரவுட்டர் (வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் கருவிகள்) வாங்கியவர்களும் பழைய ரவுட்டரின் வைஃபையை வேறு பெயரில் அப்படியே ஓடவிட்டு, புதியது சரியில்லை என்று குறை சொல்வதுண்டு.

வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறும்போது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் கைப்பேசியை அடையாளம் காட்டும் எண், மாறிவிடும். வாட்ஸ்அப் அழைப்பு புதிய முகவரியில் மறுபடி ஒட்டிக்கொள்ளச் சில நொடிகள் பிடிக்கும். மின்தூக்கியின் உலோகப் பெட்டிக்குள் டேட்டா சிக்னலும் இல்லையென்றால் அழைப்பு போயே போய்விடும். பேசிக்கொண்டே கிளம்புவதானால், வாசல் கதவைத் திறக்குமுன் வைஃபையை அணைத்துவிடுவதே உத்தமம். சாதாரண எண்ணுக்குப் பேசும்போது வைஃபை காலிங் (சாதாரண அழைப்பை வைஃபை வழியே அனுப்பும் வசதி) போட்டிருந்தால் இந்தத் தொல்லை குறைவு. கைப்பேசியும் தொலைபேசி நிறுவனமும் ஆதரித்தால் அழைப்பு அறுபடாமலே 4ஜிக்கு மாறும்.

இனி அமைப்புகள். ஐஃபோனில் செட்டிங்ஸ், மொபைல் டேட்டா, பக்கத்தின் அடிவரை இறங்கினால் வைஃபை அசிஸ்ட். அதைப் போடுங்கள். வைஃபை நொண்டினால் டேட்டாவுக்கு மாற்றிவிடும். ஆனால் திரையில் திறந்திருக்கும் செயலிக்கு மட்டும்தான். ஜோகூர் போய் ரோமிங்கில் இருக்கும்போதும் வேலை செய்யாது, அது நல்லதுதான். சாம்சங்கில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், வைஃபை, மேலே மூன்று புள்ளி, இன்டெலிஜன்ட் வைஃபை. அதில் ‘ஸ்விட்ச் டு மொபைல் டேட்டா’. மாடலைப் பொறுத்துப் பெயர் சற்று மாறலாம்.

எம்ஆர்டி நிலையத் தொல்லைக்குக் காரணம் வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் என்ற இலவசப் பொது வைஃபையாக இருக்கலாம். சிம் வழியாக உள்நுழையும்படி ஒருமுறை அமைத்துவிட்டால் அதன்பின் எதுவும் கேட்காமல் தானே ஒட்டிக்கொள்ளும். கூட்ட நேரத்தில் நிலையத்துக்குள் நுழைந்ததும் டேட்டாவை விட்டு அதற்குப் போய்விடும். டேட்டா தாராளமாக உள்ளவருக்கு அது தேவையே இல்லை. ஐஃபோனில் அதன் பெயருக்குப் பக்கத்திலுள்ள ‘ஐ’ குறியைத் தொட்டு ஆட்டோ ஜாயினை அணையுங்கள். சாம்சங்கில் பல்சக்கரக் குறியைத் தொட்டு ஆட்டோ ரீகனெக்ட்டை. கடைத்தொகுதி, காப்பிக்கடை வைஃபைகளுக்கும் இதையே செய்யுங்கள். அவற்றில் பல உள்நுழைவுப் பக்கம் காட்டுபவை. அந்தப் பக்கத்தை முடிக்காதவரை வைஃபை குறி மட்டும் இருக்கும், இணையம் வராது. உணவங்காடியில் பணம் செலுத்த பேநவ் கியூஆரை ஸ்கேன் செய்துவிட்டு நிற்கையில் திரை சுற்றிக்கொண்டே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஐஃபோனில் இன்னொன்று. கன்ட்ரோல் சென்டரில் வைஃபை குறியைத் தட்டினால் அது முழுதாக அணைவதில்லை, அப்போதைய இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும். வேறு இடத்துக்குப் போனதும், இல்லையென்றால் மறுநாள் விடிகாலை 5 மணிக்கு, மறுபடி தானே இணையத் தொடங்கும். ஈசூனில் தட்டிவிட்டு ரயிலேறினால் தேக்காவில் ஏதோ ஒரு பழைய வைஃபை ஒட்டிக்கொள்வது அதனால்தான். முழுதாக அணைக்க செட்டிங்ஸுக்குள்தான் போக வேண்டும்.