பி-சாண்ட் போட்ட கிரீனில் தண்ணீர் நிற்கிறது: கோல்ஃப் மைதானத்துக்கு எந்த மணல்?

கேள்வி: கோவைப் பக்கம் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் ஒன்றின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரைகளில், டிஃப்டுவார்ஃப் என்ற பெர்முடா இனப் புல். பல ஆண்டுகளாக ஆற்று மணல்தான் தூவிவந்தோம். போன வருடம் அது கிடைக்காததால், பூச்சு வேலைக்காகக் கல்லை உடைத்துச் செய்யும் பி-சாண்டை வாங்கி மூன்று முறை போட்டோம். இப்போது மழை பெய்தால் அரை நாள் தண்ணீர் நிற்கிறது. புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடும் அடிக்கடி மழுங்குகிறது. மேலே மறுபடி ஆற்று மணல் போட்டால் சரியாகிவிடுமா? மீதமுள்ள பி-சாண்டை பங்கரில் (மைதானத்தின் மணல்பள்ளத்தில்) கொட்டலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் குழி வெட்டும் கப் கட்டரை எடுத்துக்கொண்டு ஒரு கிரீனுக்குப் போங்கள். 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே புல்லும் வேரும், அதற்கடுத்துச் சாம்பல் நிறத்தில் இறுகிய ஒரு பட்டை, அதற்கும் கீழே பழைய ஆற்று மணல் என்று தெரியும். அந்தச் சாம்பல் பட்டைதான் உங்கள் பிரச்சினை. அதை மோந்தும் பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால், காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மேலே மெல்லிய தூள் மணலும் கீழே பருமணலும் இருந்தால் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. நுண்ணிய துளைகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மேலடுக்கு முழுக்க நிறைந்து வழியும் நிலை வந்த பிறகே கீழே சொட்டும். அதனால்தான் கீழே எவ்வளவு நல்ல வடிகால் இருந்தும் உங்கள் கிரீன் ஈரச்சாக்குப் போலக் கிடக்கிறது. இதன்மேல் ஆற்று மணலைத் தூவினால் அந்தப் பட்டை இன்னும் ஆழத்தில் புதையும், அவ்வளவுதான். புதைந்த அடுக்கை எடுப்பது இப்போதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

பி-சாண்ட் மோசமான பொருள் அல்ல. சுவர் பூச சிமென்டோடு சேர்ந்து இறுக வேண்டும். அதற்குத் தூள் தேவை. கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 383 தரநிலை, உடைத்த கல் மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூளை 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. கிரீனுக்கு வேண்டியது நேர் எதிர்: இறுகாமல், மணிகளுக்கு இடையே காற்றும் நீரும் போக வழிவிடும் மணல்.

அளவு என்ன என்று கேட்டால், 1960 முதல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் வெளியிட்டுத் திருத்திவரும் பரிந்துரையையே உலகெங்கும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். குறைந்தது 60 சதவீதம் 0.25 மி.மீ. முதல் 1 மி.மீ. வரையான மணியாக இருக்க வேண்டும். 1 மி.மீ.க்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 0.15 முதல் 0.25 வரையான குறுமணல் 20 சதவீதத்துக்குள். அதற்கும் கீழே உள்ள நுண்மணல், வண்டல், களி எல்லாம் சேர்ந்து 10 சதவீதத்துக்குள். கிரீனின் வேர் மண்டலக் கலவைக்காக எழுதப்பட்ட வரம்பு இது. மேலே தூவும் மணலும் இதற்குள் அடங்க வேண்டும். பருமணலில் நான் இன்னும் கறார். நாம் புல்லை 3, 4 மி.மீ. உயரத்தில் வெட்டுகிறோம். 2 மி.மீ. கல் ஒன்று புல்லுக்குள் இறங்காமல் நின்றால் நேராக பிளேடுக்குத்தான் போகும். பி-சாண்டில் 2 மி.மீ. மணி சாதாரணம். உங்கள் பிளேடு மழுங்குவது அதனால்தான்.

சோதனைக்கு அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிவில் பரிசோதனைக் கூடங்களில் வழக்கமாக 1.18 மி.மீ., 600, 300, 150 மைக்ரான் சல்லடைகளில்தான் சலிப்பார்கள். அந்த அறிக்கையை வைத்து கிரீனுக்கு முடிவெடுக்க முடியாது. 1 மி.மீ., 500, 250, 150, 53 மைக்ரான் சல்லடைகளில் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கூடவே உங்கள் பழைய ஆற்று மணலையும் கிரீனின் அடியிலிருந்து எடுத்து அனுப்புங்கள். புது மணல் அதோடு ஒத்துப்போக வேண்டும்; எனக்கு அதுதான் முக்கியம்.

லாரி வாசலில் நிற்கும்போது செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மணல், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். நல்ல மணல் ஒரு நிமிடத்துக்குள் படிந்துவிடும். அரை மணி கழித்தும் நீர் கலங்கலாகவே இருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு கைப்பிடி மணலில் வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்றும் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்போ சிப்பித்தூளோ இருக்கிறது. கடல் மணல் என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் பேச்சே வேண்டாம். உப்பு, சிப்பி, அதற்கு மேல் சட்டச் சிக்கல்.

அப்படியானால் எம்-சாண்டே கூடாதா? கழுவிச் சலித்தால் ஆகும். சாதாரண எம்-சாண்ட் 4.75 மி.மீ. வரை இருக்கும், அப்படியே போட முடியாது. நன்றாகக் கழுவித் தூளை நீக்கி, 1 மி.மீ. சல்லடையில் இறக்கித் தரும் குவாரி கிடைத்தால் மாதிரி வாங்கிச் சோதியுங்கள். உடைத்த மணியின் கூர்முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால் தரை உறுதியாகும். ஆனால் புல்லுக்குள் இறக்க அதிகம் துலக்க வேண்டும். தட்டையான சில்லுகள் மிகுந்திருந்தால் வேண்டாம். உரிய பர்மிட்டோடு நல்ல ஆற்று மணல் கிடைத்தால் என் முதல் தேர்வு அதுதான். ஏரி மணல், சவுடு கலந்த மணல் எதுவும் வேண்டாம்.

இப்போது சரிசெய்யும் வழி. ஏப்ரல், மே வெயிலில் பெர்முடா இனப் புல் வேகமாக மூடிக்கொள்ளும். அப்போது துளையிடும் இயந்திரத்தின் 12 மி.மீ. குழாய் முனையால் 5 செ.மீ. இடைவெளியில், சாம்பல் பட்டையைத் தாண்டி 7.5 செ.மீ. ஆழத்துக்குத் துளையுங்கள். வெளியே வரும் மண்குச்சிகளை ஒன்று விடாமல் பெருக்கி அகற்றுங்கள். உலர்ந்த புது மணலால் துளைகளை விளிம்பு வரை நிரப்புங்கள். கிரீன் ஒன்று 5,000 சதுர அடி என்று வைத்தால் துளைகளுக்கு மட்டும் சுமார் 56 கன அடி மணல் வேண்டும். ஒன்பதுக்கும் ஐந்து யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஒரு முறையில் பரப்பின் நாலரை சதவீதம்தான் மாறும். ஆகவே ஜூலையில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை துளை இடத்தை மாற்றிச் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிந்துவிட வேண்டும். மறு வருடமும் தொடர வேண்டியிருக்கும். துளைத்த இரண்டு வாரம் பந்து துள்ளும், உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள். மண்குச்சி ஒன்றை அவர்களிடம் காட்டி, அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

அதன்பின் வழக்கமான தூவலைக் கைவிடாதீர்கள். டிஃப்டுவார்ஃப், காய்ந்த தண்டும் வேரும் சேர்ந்து வேகமாக மெத்தை கட்டும் புல். அதனுள் மணல் கலந்துகொண்டே இருந்தால்தான் மெத்தை பஞ்சாகாது. நல்ல வளர்ச்சிக் காலத்தில் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை மி.மீ. கனம் போதும். 1 மி.மீ. என்றால் ஒரு கிரீனுக்குச் சுமார் 16 கன அடி, ஒன்பதுக்கும் ஏறக்குறைய ஒன்றரை யூனிட்; அரை மி.மீ.க்கு அதில் பாதி. வருடத்துக்கு இரண்டு முறை கனமாகப் போட்டுவிட்டு மறந்துவிடும் பழக்கம்தான் அடுக்கு விழ இன்னொரு காரணம். மணலும் உலர்ந்திருக்க வேண்டும், புல்லும் உலர்ந்திருக்க வேண்டும். சிமென்டுக் களத்தில் இரண்டு நாள் காயவைத்துத் தார்ப்பாயில் மூடி வையுங்கள். தூவியபின் தென்னைநார்ப் பாயை மேலே இழுத்தால் போதும். உச்சி வெயிலில் இழுத்தால் இலை கிழியும், காலையில் பனி காய்ந்ததும் செய்யுங்கள்.

பங்கர் விஷயம். பி-சாண்ட் நாலு மழைக்குப் பிறகு அங்கே சிமென்டுத் தரைபோல் இறுகும். மேலும், கிரீனை ஒட்டிய பங்கரிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் மணல் கிரீனில் தெறிக்கிறது. நீங்கள் துளைத்து எடுக்கும் தூள் பின்வாசல் வழியாக மறுபடி வந்துவிடும். பங்கருக்கும் கழுவிய மணல்தான் வேண்டும். பெரும்பகுதி அதே 0.25 முதல் 1 மி.மீ. மணி, தரையில் 10 முதல் 15 செ.மீ. கனம், சரிவில் அதைவிடக் குறைவு. உருண்டை மணியானால் பந்து புதைந்து ஆஃப்பாயில் முட்டையின் மஞ்சள் கருபோல் கிடக்கும், கூர்மணி தாங்கும். கிரீனில் சங்கடம் தரும் கூர்முனை இங்கே நல்லது. மீதமுள்ள பி-சாண்டை வண்டிப் பாதையில் பேவர் கல் பதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

புது மணல் முடிவானதும் ஒரு கிலோவை மூடியுள்ள பாட்டிலில் போட்டு, தேதியும் குவாரியும் எழுதி அலுவலகத்தில் வையுங்கள். அடுத்த லோடு வரும்போது டிரைவர் தார்ப்பாயை அவிழ்த்ததும், கொட்டுவதற்கு முன், அந்த பாட்டிலோடு ஒப்பிடுங்கள்.