மலைப்பகுதியில் சமுதாயச் செவிலியரின் வேலை உண்மையில் என்ன? பாடத்தில் படிக்கும் பணிமுறைகள் அங்கே பொருந்துமா?

கேள்வி கேட்டவர் நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. பணிவாரி முறை, குழு முறை (சில செவிலியர்கள் ஒரு குழுவாகச் சில நோயாளிகளைப் பார்ப்பது), முதன்மைச் செவிலியர் முறை ஆகியவற்றைப் பாடத்தில் படித்ததாகவும், அடுத்த மாதம் சமுதாய சுகாதாரப் பயிற்சிக்கு நீலகிரிக்கு வரவிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். வார்டுக்கென்று வகுத்த இந்த முறைகள் மலையில் எப்படிப் பொருந்தும், மாத்திரை கொடுப்பதைத் தவிர அங்கே செவிலியருக்கு என்ன வேலை என்பது அவருடைய கேள்வி.

நான் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பிறகு 14 ஆண்டுகளாக நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் ஒரு தொண்டு அமைப்பின் செவிலியராக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். இந்த வீடு இன்னாருடைய பொறுப்பு என்று ஒரு செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவர்தான் நம் நர்ஸ் என்று அந்த வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மலையில் பயன் தரும் முறை இது ஒன்றுதான். பாடத்தின் மொழியில் இது முதன்மைச் செவிலியர் முறைக்கு நெருங்கி வரும்.

பணிவாரி முறை எப்படி இருக்கும் என்பதை வார்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒருவர் வரிசையாக ஊசி போட்டுக்கொண்டு போவார், ஒருவர் ரத்த அழுத்தம் பார்ப்பார், ஒருவர் கட்டு மாற்றுவார். முப்பது படுக்கைக்கு மூன்று பேர் என்றால் வேறு வழியும் இல்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன், அதில்தான் நான் கை பழகினேன். ஆனால் ஒரு நோயாளியைப் பற்றி முழுதாகச் சொல்லக்கூடியவர் அந்த வார்டில் ஒருவர்கூட இருக்க மாட்டார். இந்தக் குறையைப் போக்கத்தான் 1969இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் மேரி மாந்தி என்ற செவிலியரும் உடன் பணிபுரிந்தவர்களும் முதன்மைச் செவிலியர் முறையைத் தொடங்கினார்கள். சேர்க்கையிலிருந்து வீடு திரும்பும் வரை ஒரு நோயாளியின் பராமரிப்புக்கு ஒரே செவிலியர் பொறுப்பு.

இனி எங்கள் பக்கத்துக்கு வாருங்கள். ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டை, அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றை, எடுத்துக்கொள்வோம். கர்ப்பிணி மருமகளைப் பார்க்கக் கிராம சுகாதாரச் செவிலியர் வருவார். மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்க மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வருவார். குழந்தையை எடை பார்க்க அங்கன்வாடிக்காரர், தாத்தாவின் சளிப் பரிசோதனைக்குக் காசநோய்ப் பிரிவுக்காரர், படுத்த படுக்கையாக யாராவது இருந்தால் வலிநிவாரணச் செவிலியர். எல்லோரும் நல்லவர்கள்தான், மழையில் நனைந்து மேடு ஏறித்தான் வருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியபின், மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறும் கொடுமை எத்தனையோ வீடுகளில் குறைந்திருக்கிறது. அதை நான் கண்ணால் பார்க்கிறேன், மனதார வாழ்த்துகிறேன். என் கவலை வேறு. ஐந்து பேரும் ஐந்து பதிவேடுகளைத் திறக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் பதிவேட்டில் உள்ள ஆளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வார்டின் பணிவாரி முறையே மலையேறி வந்துவிட்டதுபோல் இருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்பதை ஒருவரை வைத்துச் சொல்கிறேன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களில் பலர் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில்தான் குடியேறினார்கள். அந்த அம்மாயிக்கு அறுபதைத் தாண்டிய வயது. கொழுந்து பறிக்கும் வேலையை இன்னும் விடவில்லை. மாதம் தவறாமல் மாத்திரை கைக்குப் போய்க்கொண்டிருந்தது, பதிவேட்டில் எல்லாக் கட்டத்திலும் குறி இருந்தது. ஆனால் ரத்தச் சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று யார் கேட்டாலும் "சாப்பிடுகிறேன் பிள்ளை" என்பதுதான் பதில்.

ஒரு நாள் மருமகளைப் பார்ப்பதற்காக அந்த வீட்டுக்குக் காலை ஆறரைக்கே போய்விட்டேன். அடுப்பில் பிளேன் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாயி ஒரு டம்ளர் குடித்தார், தலையில் கொங்காணியைப் போட்டுக்கொண்டார், கூடையை மாட்டினார். மாத்திரை அட்டை சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்தார், பார்த்தார், திரும்ப அங்கேயே செருகினார். போட்டுக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். வெறும் வயிற்றில் போட்டால் மேட்டில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது, ஒருமுறை சரிவில் விழப் பார்த்தேன் என்றார். அவர் முதல் ரொட்டியைத் தின்பது காலை பத்து மணிக்கு, தேயிலைக் காட்டில்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் வகை மாத்திரை அது. அதைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் சாப்பிடாமல் மலைச்சரிவில் ஏறி இறங்கினால் ரத்தச் சர்க்கரை விழத்தான் செய்யும். காலை உணவுக்கு அரை மணி முன்பு என்று மருத்துவர் எழுதியதில் பிழை இல்லை. அம்மாயியின் காலை உணவு பத்து மணிக்கு என்பதுதான் அவருக்கு எட்டவில்லை. மாத்திரையை மாற்றவோ நேரத்தை மாற்றவோ எனக்கு அதிகாரம் கிடையாது, இருக்கவும் கூடாது. வாசலில் நின்றே மருத்துவ அலுவலருக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன். பத்து மணி ரொட்டியோடு சேர்த்துப் போடும்படி நேரத்தை மாற்றினார், அளவையும் குறைத்தார். மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போகத் தொடங்கினார் அம்மாயி. இரண்டே மாதத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது.

மாத்திரை கொடுப்பதைத் தவிர என்ன வேலை என்று கேட்டீர்களே, அந்த ஆறரை மணிதான் வேலை. நான் அம்மாயியைப் பார்க்கப் போகவில்லை, மருமகளைப் பார்க்கப் போனேன். இரண்டு பேருமே என் பொறுப்பு என்பதால்தான் அது என் கண்ணில் பட்டது.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் நம் நாட்டில் மலேரியாவுக்கு ஓர் ஊழியர், அம்மைத் தடுப்புக்கு ஓர் ஊழியர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஓர் ஊழியர் என்று தனித்தனியாகத்தான் கிராமத்துக்குப் போனார்கள். அதை மாற்றி, ஒரு பகுதிக்குப் பல்நோக்கு ஊழியர்கள் ஓர் ஆண், ஒரு பெண் என்று வைக்கச் சொன்னது மத்திய அரசு அமைத்த கர்த்தார் சிங் குழு, 1973இல். நம் கிராம சுகாதாரச் செவிலியரின் இன்றைய பணி வடிவம் அதிலிருந்து வந்ததுதான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நோய்க்கு ஒரு செயலி என்று கைப்பேசியின் வழியாகப் பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறோமோ என்பது என் அச்சம்.

எண்ணிக்கை பற்றியும் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள்: துணை சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சமவெளியில் 5,000 பேர், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000, மலையில் 20,000. தலையை எண்ணிப் போட்ட கணக்கு இது. எங்கள் பாதைகளை யாரும் எண்ணவில்லை. பத்து வீடுகள் உள்ள ஒரு குடியிருப்புக்குப் போய்வர எனக்கு அரை நாள் ஆகும். 108 ஆம்புலன்ஸ் தார் ரோடு முடியும் இடம் வரைதான் வரும், அதற்கப்பால் தோள்தான். கூடலூரில் முடியாததை உதகைக்கு அனுப்பினால் நடுவட்டம் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. உதகையில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, பெரிய ஆறுதல். என்றாலும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் அப்படியேதான் இருக்கின்றன.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் நடந்தது. காட்டுநாயக்கர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில் ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு முறை தொடர்ந்து பரிசோதனைக்கு வரவில்லை. என் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினேன். கூட்டத்தில் அதை வாசித்தார்கள், அடுத்த பெயருக்குப் போனார்கள்.

ஜூலை மாதம், ஊரே பலாப்பழ வாசனையாக இருந்த நேரம். எங்கள் பழங்குடிச் சுகாதாரப் பணியாளர் முன்னே நடக்க, காப்பித் தோட்டத்தின் ஊடே அந்தக் குடியிருப்புக்குப் போனேன். ஓடையைத் தாண்டும் இடத்தில் அவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். பாதை நடுவே யானைச் சாணம், இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டுச் சுற்றிப் போனோம். பலா பழுக்கும் காலத்தில் யானை அந்த வழியைத்தான் பிடிக்கும் என்பது அந்தக் குடியிருப்பில் சிறு பிள்ளைக்கும் தெரியும். கணவர் இஞ்சி வேலைக்குக் குடகுக்குப் போயிருந்தார். அந்தப் பெண் வயிற்றைச் சுமந்துகொண்டு தனியாக அந்தப் பாதையில் நடந்து எட்டு மணி பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும் என்றுதான் நான் எதிர்பார்த்திருக்கிறேன்.

கார்டு இருக்கிறதா என்று கேட்டேன். கூரை மூங்கிலுக்கு இடையில் கையை விட்டு ஒரு பாலிதீன் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் தாய் சேய் அட்டை, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், மடிப்புக்கூடக் கலையாமல். மழைக்காலத்தில் அந்த வீட்டிலேயே காய்ந்திருந்த பொருள் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தேன், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டேன், ஹீமோகுளோபின் பார்த்தேன். திரும்பி வந்ததும் குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "யானை வழி. வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும்" என்று எழுதினேன். தேதிக்குப் பத்து நாள் முன்பே அழைத்து வந்து தங்க வைத்தோம். சுகப் பிரசவம், ஆண் குழந்தை. ஒத்துழைக்கவில்லை என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் யாருக்கும் எழுதியதில்லை.

செவிலியரே அந்தச் சமூகத்திலிருந்து வந்தால் இந்தத் தவறு நேரவே நேராது. அதற்கு நீங்கள் பார்க்க வேண்டிய இடம் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை. 1990இல் அஸ்வினி அமைப்பு தொடங்கியது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய சமூகங்களின் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்து நிற்க வைத்திருக்கிறார்கள். நான் அங்கே வேலை பார்த்தவள் இல்லை, ஆனாலும் அவர்களைப் பார்த்து நிறையக் கற்றுக்கொண்டேன். வலிக்கிறது என்பதைப் பணிய மொழியில் ஒரு பாட்டி சொல்லும்போது, எந்த வலி, எவ்வளவு நாளாக என்று அதே மொழியில் திருப்பிக் கேட்க அங்கே ஆள் இருக்கிறது.

எங்கள் பகுதிப் பழங்குடிகளிடையே காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகையில் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய்) இது உயிர் காக்கும் விஷயம். பெற்றோர் இருவருமே இந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கியது, 2047ஐ இலக்காக வைத்திருக்கிறார்கள், நாற்பது வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை. சோதித்து அட்டை கொடுப்பது ஒரு நாள் வேலை. அதன் பிறகுதான் செவிலியரின் வேலை தொடங்குகிறது. குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் வலியைத் தூண்டிவிடும் நோய் இது. எங்கள் மலையிலோ குளிருக்குக் குறைவில்லை, குளிரில் பிள்ளைகளுக்குத் தாகமும் எடுக்காது. அதனால் பள்ளிக்குப் போகும் பையன் பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, போர்வை இருக்கிறதா, காய்ச்சல் வந்தால் அன்றே தூக்கிக்கொண்டு வர அம்மாவுக்குத் தெரியுமா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். ரத்தசோகை என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாராவது கண்ணை மூடிக்கொண்டு இரும்புச் சத்து மாத்திரையைக் கொடுத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் குறைபாடு உண்டா என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று தேர்வில் எழுத வேண்டுமென்றால் நெதர்லாந்தில் வீடு தேடிப் போய்ப் பராமரிக்கும் செவிலியர் அமைப்பான பியூர்ட்சோர்க்கைப் படியுங்கள். 2006இல் யோஸ் டி ப்ளோக் என்ற செவிலியர் தொடங்கியது. ஒரு குழுவில் அதிகம் போனால் 12 செவிலியர்கள், ஒரு சிறு பகுதி முழுவதும் அவர்கள் பொறுப்பு. குளிப்பாட்டுவதற்கு ஓர் ஆள், ஊசிக்கு ஓர் ஆள் என்று பிரிக்காமல், வந்த செவிலியரே எல்லாம் செய்கிறார். அவர்களுடைய பணமும் சாலையும் நம்மிடம் இல்லை. யாருடைய வீடு யாருடைய பொறுப்பு என்று தீர்மானிப்பதற்கு அந்தப் பணம் தேவையில்லை.

பயிற்சிக்கு வரும்போது உங்களை நாற்பது வீடு கணக்கெடுக்கச் சொல்வார்கள். எடுங்கள். கூடவே, ஒரே ஒரு வீட்டை எனக்கென்று கொடுங்கள் என்று உங்கள் ஆசிரியையிடம் கேட்டு வாங்குங்கள். அந்த வீட்டுக்கு ஒரு முறை விடியற்காலையில், ஒரு முறை கூலி நாளில், ஒரு முறை சமையல் நேரத்தில் போங்கள். மாலை ஐந்து மணிக்குள் ரோட்டுக்கு வந்துவிடுங்கள், யானைக்காகச் சொல்கிறேன். ஒரு துணியில் உப்பை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், அட்டை கடித்தால் ஒற்றி எடுக்கலாம். கொடுக்கும் டீயை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.