மெஷின் வாங்கும் முன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்

வாசகியின் கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். வேலையில் இருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகிப் போனதில் பத்தடிக்கு ஒன்பதடி அறை ஒன்று காலியாக இருக்கிறது. அதைக் குவில்ட் (மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கித் தைக்கிற போர்வை) தைக்கும் அறையாக்க ஆசை. நான்கு குவில்ட்டுக்கு மேல்துணி தைத்து வைத்திருக்கிறேன், எல்லாமே 60-க்கு 72 இன்ச். ஒன்றுகூட முடிந்தபாடில்லை. அதில் ஒன்று, மூன்று அடுக்கையும் சேர்த்து ஊக்கு குத்தியபடியே இரண்டு வருடமாக அலமாரியில் கிடக்கிறது. “சாதாரண மெஷினில் முடிக்க முடியாது, லாங் ஆர்ம் மெஷின் வேண்டும், 38,000 வெள்ளி (ரிங்கிட்)” என்கிறார் தெரிந்தவர் ஒருவர். இன்னொருவர் ஜப்பானில் இருந்து வந்த பழைய மெஷினை 650 வெள்ளிக்குத் தருகிறாராம், வியாபாரப் பதிவையும் 450 வெள்ளிக்கு முடித்துத் தருவாராம். எதை வாங்குவது?

பதில்:

சகோதரி, இரண்டையும் வாங்காதீர்கள். நான்கு மேல்துணி தைத்து முடித்திருக்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே. முடிக்கப் போவது அந்த மெஷின்தான்.

முதலில் 38,000 வெள்ளிச் சமாசாரம். லாங் ஆர்ம் மெஷினில் குவில்ட் ஒரு நீளமான சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கும், மெஷின் அதன் மேல் ஓடும். படுக்கை அளவுக் குவில்ட்டுக்கான சட்டம் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு அடி. உங்கள் அறையின் நீளமே பத்தடி. முன்னும் பின்னும் நின்று வேலை செய்ய இடம் வேண்டாமா? லிஃப்டில் எப்படி ஏற்றுவது என்று அவர் சொன்னாரா? பிறர் குவில்ட்டை வாங்கித் தினமும் தைத்துக் கொடுப்பவருக்கு அது தொழில் கருவி. நான்கு குவில்ட் முடிக்க அது வேண்டாம். ஓய்வூதியப் பணமும் சேமநிதியும் கைக்கு வந்த பெண்களைத் தேடிப் போய்ப் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் படிக்க வந்தவர்களில் மூன்று பேர் இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுதிருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

சாதாரண மெஷினில் ஊசிக்கும் வலது பக்கத் தூணுக்கும் நடுவில் ஆறு முதல் எட்டு இன்ச் இடம் இருக்கும். 60 இன்ச் குவில்ட் அதில் எப்படி நுழையும் என்று உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். நடுவில் இருந்து தைக்கத் தொடங்கினால் பாதிக் குவில்ட், அதாவது 30 இன்ச் மட்டும்தான் அந்த இடத்துக்குள் போக வேண்டும், அதைச் சுருட்டி நுழைத்துவிடலாம். அந்தப் பாதி முடிந்ததும் குவில்ட்டை அப்படியே திருப்பி வைத்து மறுபாதி. அவ்வளவுதான். துணியின் கனம் மேசையை விட்டுக் கீழே தொங்கக் கூடாது. தொங்கினால் அது ஊசியை இழுக்கும், தையல் கோணும், ஊசியும் உடையும். மெஷினுக்கு இடது பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்தில் ஏதாவது மேசை போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசை போதும்.

அப்புறம், அந்த ஜப்பான் மெஷின். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நானே பட்டிருக்கிறேன்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 240. அங்கே பயன்படுத்திய பழைய சாமான்கள் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்குகின்றன, தையல் மெஷினும் அதில் உண்டு. மெஷின்கள் அருமையானவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜப்பான் பிளக்கில் இரண்டு தட்டைக் கால்கள்தான் இருக்கும், நம் சுவரில் நுழையாது. விற்பவர் அந்தப் பிளக்கை வெட்டிவிட்டு நம் மூன்று கால் பிளக்கைப் பூட்டிவிடுவார். பார்க்கிறவருக்கு உள்ளூர் மெஷின் மாதிரியே இருக்கும்.

நான் வாங்கியபோது கடையில் அழகாக ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் சொருகினேன், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கருகிய வாடை. திரும்பப் போய்க் கேட்டால், “இங்கே ஓடியதே அம்மா, நீங்கள்தானே பார்த்தீர்கள்” என்றார். அடுத்த முறை குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மேசைக்கு அடியில் துணிக் குவியலுக்குப் பின்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ரசீதும் தரவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம் என்று இன்றைக்கு எல்லாரும் சொல்கிறார்கள். கையில் ஒரு சீட்டும் இல்லாமல் எதை வைத்துக் கேட்பது? இரும்புச் சாமான் போல எடை போட்டு இறக்குகிற மின்சாரப் பொருளின் மேல் வோல்ட் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் ஒட்டி விற்க வேண்டும் என்று ஒருவரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஏமாந்த பிறகு புகார் கொடுக்க மட்டும் நமக்கு நீளமான பாரம் தருகிறார்கள்.

ஆகவே யாரிடம் எந்த மெஷின் வாங்கினாலும் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலோ பின்பக்கத்திலோ சின்னத் தகடு இருக்கும். அதில் 100V என்றிருந்தால் ஜப்பான், 110 அல்லது 120 என்றிருந்தால் பெரும்பாலும் அமெரிக்கா. 220, 230, 240 என்றிருந்தால் நம் சுவருக்கு ஆகும். தகட்டைச் சுரண்டியிருந்தால், மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதையும் முழுக்கச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் “வாங்கவே கூடாது என்றார்” என்று நல்ல மெஷினைத் தவறவிடுவீர்கள். 240-ஐ 100 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்து விற்றால் வாங்கலாம். அப்போதும் மூன்றைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கிற வாட், மெஷின் தகட்டில் இருக்கிற வாட்டைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். வெளியே வருவது 100-ஆ 110-ஆ என்று கேளுங்கள், ஜப்பான் மெஷினுக்கு 100-தான் சரி. மூன்றாவது, மெஷினில் அந்தப் பழைய இரண்டு கால் பிளக் அப்படியே இருக்க வேண்டும். அது இருந்தால் உங்கள் பேரப்பிள்ளையோ உதவிக்கு வருபவரோ தெரியாமல் சுவரில் சொருக முடியாது. மூன்று கால் பிளக்கை மாட்டி, “டிரான்ஸ்ஃபார்மரும் தருகிறேன்” என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். ஒருநாள் அவசரத்தில் நீங்களே சுவரில் சொருகிவிடுவீர்கள்.

கையால் சுற்றுகிற, காலால் மிதிக்கிற பழைய மெஷினுக்கு இந்தக் கவலையே இல்லை. பாட்டி வீட்டு மிதி மெஷின் எங்காவது கிடந்தால் எண்ணெய் விட்டு எடுத்து வாருங்கள். நேர்த் தையலில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சரி, முடிப்பது எப்படி என்று பார்ப்போம். ஊக்கு குத்தியதைக் கடைசிக்கு விடுங்கள். மற்ற மூன்றில் உங்களுக்கு ஆகப் பிடிக்காததை முதலில் எடுங்கள். அதில் பழகலாம்.

அடித்துணி சுற்றிலும் நான்கு இன்ச் பெரிதாக, அதாவது 68-க்கு 80 வேண்டும். 44 இன்ச் அகலத் துணியில் இரண்டு துண்டை ஒட்டித்தான் வரும். கடையில் நான்கு மீட்டருக்கு மேல் கேட்பார்கள். ஒட்டுத் தையல் நெடுக்காக வராமல் குறுக்காக வரும்படி 68 இன்ச்சில் இரண்டு துண்டு வெட்டினால் மூன்றரை மீட்டர் போதும். லிட்டல் இந்தியா பக்கம் லெபோ பாசாரில் வாங்கலாம். ஆனால் நான் சொல்வது, அலமாரியில் இருக்கிற பழைய பருத்திச் சேலை. ஐந்தரை மீட்டர் இருக்கிறது, பல முறை துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், இனிச் சுருங்காது. வங்காளத்தில் காந்தா என்கிற போர்வையைப் பழைய சேலைகளை அடுக்கித்தான் காலம் காலமாகத் தைத்தார்கள். பட்டு, நைலக்ஸ் வேண்டாம், வழுக்கும்.

நடுவில் வைக்கிற பஞ்சு விரிப்பில்தான் அடுத்த ஏமாற்று. சோபா, திரைச்சீலைக் கடைகளில் சுருளில் இருந்து வெட்டித் தரும்போது “காட்டன்தான்” என்பார்கள். நம் ஊர் வெக்கையில் பாலியஸ்டர் பஞ்சு வைத்த போர்வையை யாரும் போர்த்த முடியாது. ஒரு சிட்டிகை பிய்த்து, சமையலறைத் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுத்து, மணி மாதிரி இறுகும். பாக்கெட்டில் வருவதாக இருந்தால், எத்தனை இன்ச்சுக்கு ஒரு தையல் ஓட வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கும். சிலவற்றுக்கு மூன்று நான்கு இன்ச், சிலவற்றுக்கு எட்டு பத்து. சுருளில் வாங்கினால் அது தெரியாது, நான்கு இன்ச்சுக்கு ஒன்றாகப் போட்டுவிடுங்கள்.

“மேல்துணியைக் கொடுங்கள், முடித்துத் தருகிறோம்” என்று வாங்கிப் போகிற இடைத்தரகரிடமும் கவனம். தைப்பவர் யார், எந்த ஊரில் என்று சொல்ல மாட்டார். நீங்கள் கொடுத்த பருத்தி விரிப்பு போய், மெல்லிய பாலியஸ்டர் உள்ளே வந்துவிடும். மூடித் தைத்த பிறகு எப்படிப் பார்ப்பீர்கள்? நேர்மையாகத் தைப்பவர் தம் மெஷினைக் காட்டுவார், விளிம்பை மூடுகிற ஓரப்பட்டி அடிக்கும் முன்பு உங்களைக் கூப்பிட்டு விளிம்பைப் பார்க்கச் சொல்வார்.

அடுக்குவதற்குத் தரைதான் சிறந்த மேசை. தரையில் பதித்த ஓடுகளின் வரிசை நேராக இருக்கும், அதையே கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அடித்துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, ஓரங்களைத் தரையில் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், தோல் மேளம் மாதிரி இழுக்க வேண்டாம். மேலே பஞ்சு, அதற்கு மேலே மேல்துணி. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்திக்கொண்டே போங்கள். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்காவது தட்டுப்பட வேண்டும். முழங்கால் வலிக்கும், குஷன் போட்டுக்கொள்ளுங்கள்.

தைப்பதற்கு வாக்கிங் ஃபுட் ஒன்று வாங்குங்கள், துணியை அழுத்துகிற பாதத்துக்குப் பதிலாக மெஷினில் மாட்டுவது. நான் வாங்கச் சொல்கிற ஒரே கருவி இதுதான். மெஷினின் பல் அடித்துணியை இழுக்கும்போது இது மேல்துணியையும் கூடவே நகர்த்தும், அதனால் சுருக்கம் விழாது. உங்கள் மெஷினின் மாடலைச் சொல்லி வாங்குங்கள். புது 90/14 எண் ஊசி, பருத்தி நூல், நீளமான தையல், நடுவில் இருந்து நேர்க்கோடு. பூ, கொடி எல்லாம் மூன்றாவது குவில்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓரப்பட்டிக் கணக்கு: நான்கு பக்கமும் சேர்த்து 264 இன்ச், மூலைக்கும் முடிச்சுக்கும் 12, ஆக 276. இரண்டரை இன்ச் அகலத்தில் ஏழு பட்டி. அரை மீட்டர் துணி சரியாக வரும்.

அறைக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். வெட்டுகிற மேசை இடுப்பு உயரம் இருக்கட்டும், குனிந்தே வெட்டினால் ஒரு மாதத்தில் முதுகு போய்விடும். இஸ்திரிப் பெட்டிக்குத் தனிச் சுவர் பிளக். மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நீட்டிப்பு ஒயரில் வேண்டாம், அந்த ஒயரிலும் சிரிம் தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். துணிக்கு அடியில் வைத்து வெட்டுகிற பாயை வெயில் படுகிற ஜன்னல் ஓரத்திலோ காரிலோ விடாதீர்கள், வளைந்துவிடும். பிறகு நிமிராது.

பதிவுக்கு 450 வெள்ளி கொடுக்காதீர்கள். உங்கள் அடையாள அட்டைப் பெயரிலேயே பதிந்தால் வியாபாரங்களைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் வருடம் 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. எப்படிப் பதிவது என்று முகப்பிடத்தில் கேட்டு நீங்களே செய்யலாம். வயதானவர்களை இணையத்தில் பதியுங்கள், இணையத்தில் பதியுங்கள் என்று விரட்டுவதால்தான் இந்த ஏஜண்டுகள் பிழைக்கிறார்கள். விற்கத் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்தால் போதும். பேரனுக்கும் மகளுக்கும் தைக்கிறவரை பதிவே தேவையில்லை.

கடைசியாக, அலமாரியில் இருக்கிறதே, தைப்பது பிறகு இருக்கட்டும், அதை இன்றைக்கே வெளியே எடுங்கள். பினாங்கு ஈரக்காற்றில் இரண்டு வருடம் இருந்த ஊக்கு துருப்பிடித்திருக்கும். ஒவ்வொன்றாக மெதுவாகக் கழற்றுங்கள். சிக்கினால் இழுக்காமல் ஊக்கையே கம்பி வெட்டும் கட்டரால் வெட்டி எடுங்கள். துருக்கறைக்கு குளோராக்ஸ் மாதிரி வெளுப்பான் போடவே கூடாது, கறை இன்னும் இறுகிவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து கறையில் தடவி, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து அலசுங்கள். அதற்கு முன் ஓரத்தில் ஒரு மூலையில் தடவி, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கறை போய் நன்றாகக் காய்ந்ததும் புது ஊக்கு குத்துங்கள். அந்த வாரமே தைக்க முடியும் என்றால் மட்டும் குத்துங்கள்.