துக்கம் விசாரித்தீர்களா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. ஐடி வேலை. நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நண்பர்களோடு ஈசிஆரில் மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய் வருவான். ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தில் நடந்த சைக்கிள் பந்தயத்தில் ஜீனோ மேடர் என்ற வீரர் விழுந்து இறந்துபோனார். அவருக்கும் 26 வயதுதானாம். அன்றிலிருந்து இவன் சைக்கிளைத் தொடவில்லை. வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான், ஆனால் யாரோடும் பேச்சில்லை. ராத்திரியில் போனில் அந்தப் பையனின் வீடியோவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "ஊர் பேர் தெரியாத யாருக்கோ இப்படி இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கியே" என்று ஒரு நாள் திட்டிவிட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. டயரில் காற்றும் இறங்கிவிட்டது. விற்றுவிடலாம் என்கிறார் அவன் அப்பா. என்ன செய்வது?
— ஒரு தாய், வில்லிவாக்கம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

விற்க வேண்டாம். அது உங்கள் மகன் எடுக்க வேண்டிய முடிவு. அதையும் இப்போது எடுக்க வேண்டாம்.

என் அப்பா இறந்தபோது எனக்கு 19 வயது. பெரம்பூரில் ஒண்டுக்குடித்தனம். பதினாறு நாளும் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்படிம்மா ஆச்சு?" அம்மா முதலிலிருந்து சொல்வாள். காபி குடித்தார், பேப்பரை எடுத்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆறவிடாமல் ஏன் கிளறுகிறார்கள் என்று அடுப்படியில் நின்று பல்லைக் கடிப்பேன். பத்தாம் நாள் வாக்கில் கவனித்தேன். "நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்" என்கிற இடத்தை அம்மா குரல் உடையாமல் தாண்டினாள். துக்கம் விசாரிப்பது என்று ஏன் சொல்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

உங்கள் மகனிடம் அந்தக் கேள்வியை இதுவரை யாருமே கேட்கவில்லை. இழவு விழுந்த வீட்டில் ஒரே ஆளாக உட்கார்ந்திருக்கிறான்.

யாரோ ஒருவர் என்று நமக்குத் தோன்றுவது சரிதான். ஆனால் ஒரு பந்தயத்தை நாலைந்து மணி நேரம், அதுவும் மூன்று வாரம் தொடர்ந்து பார்க்கிறவனுக்கு அப்படி இல்லை. அந்த வீரர் மலையேறும்போது தோள் எப்படி ஆடும், களைத்துப்போனால் முகம் எப்படி மாறும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படியாக இருக்கும். 2014 நவம்பரில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸ் பந்து பட்டு இறந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அவரை ஒரு முறைகூட நேரில் பார்க்காதவர்கள், உலகம் முழுக்க, வீட்டு வாசலில் கிரிக்கெட் மட்டையைச் சாத்தி வைத்தார்கள். அன்றைக்கு அவர்களை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நம் ஊரில் கிரிக்கெட்டுக்கு ஊரே சேர்ந்து அழும். சைக்கிள் பந்தயத்துக்கு அழ வில்லிவாக்கத்தில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே போய்க் கேளுங்கள். "அந்தப் பையன் எப்படிப்பட்டவன்டா? எப்படி ஆச்சு?" திட்டியதற்கு மன்னிப்பெல்லாம் தனியாகக் கேட்க வேண்டாம், இந்தக் கேள்வியே போதும். அவன் என்ன சொல்வான் என்று எனக்கு ஓரளவு தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

2023 ஜூன் 15. டூர் டி சுவிஸ் பந்தயத்தின் ஐந்தாம் நாள். 2,300 மீட்டருக்கு மேல் உயரமான ஆல்புலா கணவாயைத் தாண்டி, எல்லைக்கோட்டை நோக்கி வேகமாக இறங்கும் சாலை. ஒரு வளைவில் மேடர் சாலையை விட்டுப் பள்ளத்தில் விழுந்தார். நீரில் கிடந்தவரை எடுத்து, உயிர்ப்பிக்க முயன்று, ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இறந்துவிட்டார். அதே இடத்தில் இன்னொருவரும் விழுந்தார், அவர் பிழைத்துக்கொண்டார்.

எப்படி ஆச்சு என்பது இது. எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்லும்போது உங்கள் மகனின் முகத்தைப் பாருங்கள். 2021-இல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயமான வுயெல்ட்டாவில், ஒவ்வொரு நாளும் தனக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு வீரருக்கும் ஒரு யூரோ என்று கணக்கு வைத்துச் சுற்றுச்சூழலுக்குக் கொடுத்தவர் மேடர். அந்தப் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். அவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 11 அன்று டூர் டி பிரான்ஸில் இஸுவார் நகரத்தில் முடிந்த அன்றைய பந்தயத்தை ஜெயித்தவர் அவருடைய அணித்தோழர் பெல்லோ பில்பாவோ. மேடர் விட்டுப்போன அந்த ஒரு யூரோ கணக்கை அந்த டூர் டி பிரான்ஸில் அவர் பெயரில் பில்பாவோ தொடர்ந்தார். மரம் வளர்ப்பதற்காக. இதை எழுதும்போது எனக்கே கண் கலங்குகிறது.

இன்னொன்றும் அவனிடம் கேளுங்கள்: மறுநாள் என்ன செய்தார்கள்? அன்றைய போட்டியை ரத்து செய்தார்கள். ஆனால் யாரும் அறைக்குள் உட்காரவில்லை. கடைசிப் பகுதியை எல்லாரும் சேர்ந்து மெதுவாக ஓட்டிப்போனார்கள், மேடரின் அணியை முன்னால் விட்டு. அவர்களுடைய வழக்கம் அது. 1995 டூர் டி பிரான்ஸில் 24 வயது ஃபாபியோ கசார்ட்டெல்லி இறந்தபோதும் அப்படித்தான். 2011 இத்தாலிப் பந்தயத்தில் வௌட்டர் வெய்லாண்ட் இறந்தார், அவருக்கும் 26. மறுநாள் அவருடைய அணியும், வேறு அணியில் இருந்த அவருடைய உயிர் நண்பரும் தோளில் கை போட்டுக்கொண்டு வரிசையாக எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். அவர் அணிந்திருந்த 108 என்ற எண்ணை அந்தப் பந்தயத்தில் அதன்பிறகு யாருக்கும் கொடுப்பதில்லை.

உங்கள் மகனுக்கு அந்த மறுநாள் இன்னும் வரவில்லை. அவனுடைய ஞாயிற்றுக்கிழமை நண்பர்களில் ஒருவரிடம் நீங்களே பேசுங்கள். அவர்களும் இதே பாரத்தோடு இருக்கலாம், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல். ஒரு நாள் விடிகாலையில் வேகம் பார்க்காமல், முட்டுக்காடு பாலம் வரைக்கும் சேர்ந்து போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரட்டும். எப்போது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

சரி, இப்போது உங்களைப் பற்றி. சின்னக் கடிதம், அதில் 26 என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனின் அம்மாவை நினைத்துப் பார்த்திருக்கிறீர்கள், இல்லையா? கோபமாக வெளியே வந்தது அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். அதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள்: "எனக்கும் பயமா இருக்குடா." ஒன்றும் ஆகாது என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆல்ப்ஸ் மலை இறக்கம் ஈசிஆரில் இல்லை, ஆனால் பின்னால் வரும் பஸ்ஸும் வேனும் இருக்கின்றன. ஹெல்மெட், இருட்டில் பின்விளக்கு, காதில் பாட்டு வேண்டாம், தனியாகப் போக வேண்டாம், கோவளம் தாண்டியதும் ஒரு மெசேஜ். இதையெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பெரிய வீரர்களுக்கே ஹெல்மெட் கட்டாயமானது 2003-இல்தான், கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரேய் கிவிலெவ் இறந்த பிறகு. கட்டாயமாக்கியபோது ஒருத்தரும் அதைக் கோழைத்தனம் என்று சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள். இப்போது அது இல்லாமல் யாரும் பந்தயத்தில் ஏறுவதில்லை.

வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான் என்று எழுதியிருப்பது நிம்மதி. தூக்கமே இல்லாமல் போனாலோ, வேலைக்குப் போவதை நிறுத்தினாலோ, வாழ்க்கையே வெறுத்தது போலப் பேசினாலோ காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அப்புறம் அந்த டயர். காற்று இறங்கியிருப்பது தள்ளி நின்று பார்த்தால் தெரியாது, கை வைத்து அமுக்கிப் பார்த்திருக்கிறீர்கள். அந்த மாதிரி சைக்கிளின் டியூப் வாய் மெல்லிசாக இருக்கும், தெருமுனைக் கடைப் பம்பு பெரும்பாலும் சேராது. அதற்கென்று ஒரு பம்பு அவன் அறையில்தான் எங்காவது இருக்கும். அவன் கதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, அன்றைக்கோ அடுத்த வாரமோ, கேட்டுப் பாருங்கள்: "இதுக்கு எப்படிடா காத்து அடிக்கணும்?"