பீரோச் சாவி யாரிடம்?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சிறுவர் கதை எழுதும் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து கதை வாசிக்கிறார். "பள்ளிப் புத்தகங்களைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும், சனிக்கிழமைகளில் எல்லாரும் கிளை நூலகத்தில் கூடி வாசிப்போம்" என்கிறார். கிழியும், தொலையும் என்று பள்ளியில் தயங்குகிறார்கள். பாடம் கெடும் என்கிறார்கள் பெற்றோர். யார் பக்கம் நியாயம்?
– வாசகர் ஒருவர், தேவகோட்டை

பதில்: எழுத்தாளர் பக்கம்தான்.

புத்தகம் கிழியும் என்பது உண்மை. கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம். நான் படித்த பள்ளியில் கண்ணாடி பீரோ நிறையக் கதைப் புத்தகங்கள் இருந்தன. ஐந்து வருஷமும் வெளியே நின்று அட்டைகளின் முதுகைத்தான் வாசித்தேன். ஆய்வுக்கு அதிகாரி வரும் அன்றைக்கு மட்டும் பூட்டு திறக்கும். பல வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், ராமபாணப் பூச்சி அட்டையிலிருந்து அட்டை வரை துளைத்திருந்தது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

காப்பாற்ற வேண்டிய புத்தகங்கள் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துக் காத்ததால்தான் எத்தனையோ பழைய அச்சுப் பிரதிகள் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. ஆனால் கடையில் மறுபடி கிடைக்கும் சிறுவர் கதைப் புத்தகம் அந்த வகையா?

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், "தொலைந்ததை நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று தீர்மானம் போட்டுக் கொடுங்கள். அப்புறம் சாவி தானாக வெளியே வரும்.

பாடம் கெடுமாம். நான் பார்த்தவரை, கணக்கில் தடுமாறும் பிள்ளைகளில் பல பேர் தடுமாறுவது கூட்டலில் அல்ல, கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்வதில். அரசே 2023இல் வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குத் தந்தது. அதைப் பாடத்துக்கு எதிரி என்று நினைத்தா தந்தார்கள்?

கிளை நூலகம் உங்கள் காசில் நடப்பது. 1948ஆம் வருஷத்துச் சட்டப்படி, சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி கட்டுகிறோம். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கும் சேர்த்துத்தான். கட்டிய வரிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போய் உட்கார வைக்க ஏன் யோசனை?

நம் இராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பா வங்கி வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதினார். தான் எழுதினால் போதும் என்று இருக்கவில்லை, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கினார். அவர் பாட்டைப் புத்தகத்தில் பார்க்காமலே மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர்! யாரோ ஒருவர் உரக்கச் சொல்ல, கூடவே சொல்லி வந்தது அது.

உங்கள் எழுத்தாளரும் அந்த வேலையைத்தான் செய்கிறார். ஆனால் அவர் வருவது மாதத்தில் ஒரு நாள். மற்றச் சனிக்கிழமைகளில் யார் வாசிப்பது? கண் தெரிகிற அப்பத்தா, ஆயா யாராவது ஒருவர் பத்துப் பக்கம் உரக்க வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் கதை சொல்லட்டும். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் நின்று போன் பார்க்கும் அப்பாக்களையும் உள்ளே கூப்பிடுங்கள்.

அவர் அடுத்து என்றைக்கு வருகிறார் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். நானும் வருகிறேன்.