மதிய ஊசியை ஒளிக்கும் மகள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, முதல் வகை நீரிழிவு. தோழிகளுக்குத் தெரிந்துவிடுமே என்று பள்ளியில் இன்சுலின் போடாமலே சாப்பிடுகிறாள். திட்டினால் அழுகிறாள். என்ன செய்வது?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: திட்டாதீர்கள், அம்மா. எனக்கு 13 வயதில் இதே நோய் வந்தது. பள்ளிக் கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தொடையில் குத்திக்கொள்வேன். ஊசியைவிட அந்த ஒளிவுதான் வலித்தது.

யாரிடம் சொல்லலாம், எங்கே உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம் என்று அவளையே கேளுங்கள். ஒரே ஒரு தோழி போதும். எனக்கு ஒருத்தி இருந்தாள். என் கை நடுங்கினால் பேசாமல் குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவாள். மகளுக்குத் தெரிந்தே வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறு பரிசோதனை. இதை எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. பருவ வயதின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்க்கும். ஒழுங்காக இருந்தாலும் சர்க்கரை அளவு ஏறும். மீட்டரைப் பார்த்ததும் "என்ன தின்றாய்?" என்று கேட்டுவிடாதீர்கள். ஆனால் ஊசி விடுபடுவதை மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

1922 ஜனவரியில் டொராண்டோவில் இன்சுலின் சிகிச்சையை முதலில் பெற்ற லெனார்ட் தாம்சனுக்கும் 14 வயதுதான். இன்றிரவு அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள்.